கையசைவில் ஓடும் கடிகாரம்

காலம் கண்ணுக்குப் புலனாவதன்று. ஆயினும் அதனை அளந்தறிய வேண்டும் என்னும் வேட்கை மக்கட்குத் தொன்றுதொட்டே இருந்து வருகின்றது. நம் முன்னோர் பகலில் நிழலை நோக்கியும், இரவில் விண்மீன்களை நோக்கியும் பொழுதினை உணர்ந்தனர். முகில் மூடிய நாளில் நிழலும் இல்லை, மீனும் இல்லை. அந்நாளிலும் பொழுதறிவதற்கு அவர்கள் கண்ட கருவியே நாழிகை வட்டில் ஆகும். சிறு துளை வழியாக நீர் ஒரே சீராகச் செல்லும் அளவைக்கொண்டு அவர்கள் காலத்தைக் கணித்தனர். பாசறையில் இருந்த வேந்தனுக்கு இவ்வாறு பொழுதளந்து கூறியோர் இருந்தனர் என்பது, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டால் விளங்கும். ஒரு நாள் 60 நாழிகை கொண்டது. ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். நாழிகைக்குக் கடிகை என்றும் பெயருண்டு. கடிகாரம் என்று நாம் இன்று வழங்கும் சொல்லில் அப்பழஞ்சொல்லின் ஒலி இன்னும் கேட்கின்றதன்றோ?

மாணவர்களே! நீரில் தொடங்கிய இக்கருவி, இந்நாளில் மணிக்கட்டில் அணியும் சிறு பொறியாக வந்து நிற்கின்றது. அப்பொறியினுள்ளும் வியக்கத்தக்க ஒருவகை உண்டு. அதற்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டுவதில்லை; மின்கலமும் வேண்டுவதில்லை. அணிந்தவர் கையை வீசி நடந்தால் அதுவும் நடக்கும். அவர் அதனைக் கழற்றி வைத்து நெடும்பொழுது உறங்கவிட்டால் அதுவும் உறங்கிவிடும். இதனைத் தானியங்கிக் கைக்கடிகாரம் என்பர். இக்காலத்தில் இவ்வகைக் கடிகாரங்கள் பழங்காலத்துக் கோலத்தைப் பூண்டு, வட்ட வடிவத்தை விட்டு விலகிப் புதிய வடிவங்களிலும் கடைகளில் காட்சி தருகின்றன. அவற்றின் உள்ளமைப்பு யாது, அவ்வடிவங்கள் எங்ஙனம் தோன்றின, அவற்றை நாம் எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பனவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

சென்னை நகரம் காலக்கணிப்பில் தனிப்பெருமை உடையது. நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டில் அமைந்த வானாராய்ச்சி நிலையத்தின் கணக்கைக்கொண்டு சென்னை நேரம் வகுக்கப்பெற்றது. இந்திய நாட்டின் இருப்புப்பாதைகள் பலவும் நெடுங்காலம் அந்நேரத்தையே பின்பற்றின. 1906-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னை நேரத்திற்கும் பொதுநேரத்திற்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ 9 நிமிடமே ஆகும்.

அந்நகரின் மேற்கே, பூவிருந்தவல்லிப் பெருஞ்சாலையை அடுத்து, திருவேற்காட்டிற்கு அணித்தாக நூம்பல் என்னும் ஊர் உள்ளது. இப்பகுதி ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த காலத்தில், கதிரவன் எழுவதும் விழுவதுமே மக்களின் வேலை நேரத்தை வரையறுத்தன. பின்னர் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பெற்றது. ஆலைச் சங்கு ஊதியபொழுது வாயிலில் நிற்க வேண்டியவனுக்குக் கதிரவனின் கணக்குப் போதாது. ஐந்து நிமிடம் தாழ்ந்தால் கூலி குறையும் என்ற நிலை வந்தபொழுது, கைக்கடிகாரம் செல்வர் அணியும் அணிகலன் என்ற நிலையினின்று இறங்கி, உழைப்பவனின் கருவியாயிற்று. முறைவேலைக்குச் செல்வோர் பலருக்கு முதற்சம்பளத்தில் வாங்க விரும்பிய பொருள்களுள் அதுவும் ஒன்று.

இனி, தானியங்கிக் கடிகாரத்தின் உள்ளமைப்பைக் காண்போம். எந்திரக் கடிகாரம் எதற்கும் ஆற்றல் தருவது சுருட்டி வைக்கப்பட்ட எஃகு வில்லே. இதனைச் சுருள்வில் என்போம். இறுக்கிச் சுருட்டிய வில் மெல்ல விரியும்பொழுது பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றது. அதனைத் தடையின்றி விட்டால் ஒரு நொடிப்பொழுதில் முழுதும் விரிந்து ஓய்ந்துவிடும். அவ்வாறு ஆகாமல் காப்பன இரண்டு உறுப்புகள். ஒன்று, முன்னும் பின்னுமாக ஆடும் சமனிச் சக்கரம். மற்றொன்று, நங்கூரம் போன்ற வடிவுடைய சிறு நெம்புகோல். சமனிச் சக்கரம் ஆடுந்தோறும் அந்நெம்புகோல் கடைசிப் பற்சக்கரத்தை ஒரு பல்லளவு விடும். உடனே தடுத்து நிறுத்தும். விடுவதும் தடுப்பதுமாகிய அத்தொழிலின் ஓசையே நாம் காதருகே வைத்துக் கேட்கும் டிக் டிக் ஓசை.

சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் சமனிச் சக்கரம் ஒரு மணிக்கு 18,000 முறை ஆடும். அஃதாவது நொடிக்கு 5 முறை. ஒரு நாளைக்கு 4,32,000 முறை. ஓராண்டிற்கு 15 கோடியே 76 லட்சத்து 80 ஆயிரம் முறை. இத்துணை ஆட்டத்தையும் தாங்கும் நுண்ணிய அச்சுகள் விரைவில் தேய்ந்துபோகாமல் இருப்பதற்காக, அவை செயற்கைக் கெம்புக் கற்களில் துளையிட்டுப் பொருத்தப்படுகின்றன. முகப்பில் 17 கல், 21 கல் என எழுதியிருப்பது அக்கற்களின் எண்ணிக்கையே. அவை விலைமதிப்பிற்காக வைத்தவை அல்ல. உராய்வைக் குறைப்பதற்காக வைத்தவை.

இத்துணையும் எல்லா எந்திரக் கடிகாரங்கட்கும் பொது. தானியங்கிக் கடிகாரத்தில் கூடுதலாக உள்ளது அரைவட்ட வடிவமான ஒரு கனத்த தகடு. அது நடுவில் ஓர் அச்சில் பொருந்திக் கட்டின்றிச் சுழலும். நாம் கையை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும், அதன் கனமான பகுதி நிலத்தை நோக்கி விழ முயன்று சுழல்கின்றது. அச்சுழற்சியைச் சிறு பற்சக்கரங்கள் வாங்கிச் சுருள்வில்லை இறுக்குகின்றன. வில் நிறைய இறுகிய பின்னும் கை அசைந்தால் அறுந்துவிடாதோ என நீங்கள் வினவலாம். வில்லின் வெளிமுனை, அதனை அடக்கிய கூட்டின் சுவரில் இறுகப் பிணைக்கப்படாமல் வழுக்கிச் செல்லுமாறு அமைந்துள்ளது. ஆதலின் மிகுதியான இறுக்கம் தானே நழுவிவிடும். நிறைய இறுகிய வில் பொதுவாக 40 மணி நேரம் அளவில் கடிகாரத்தை ஓட்டும். நாள் முழுதும் கையை அசைக்காமல் அமர்ந்திருப்பவரின் கடிகாரம் அதற்கு முன்னரே நின்றுவிடுதலும் உண்டு. உழைக்கும் கைக்கே அது நன்கு உழைக்கும் எனலாம்.

இவ்வமைப்பு ஒரு நாளில் தோன்றியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, சட்டைப்பையில் வைக்கும் கடிகாரங்களில் இதற்கான முயற்சி நிகழ்ந்தது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ரலே என்பார் அம்முயற்சியில் முன்னின்றவருள் ஒருவர். ஆயின் பைக்குள் கிடக்கும் கடிகாரம் அதிகம் அசைவதில்லை. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப்போரில், கைகள் இரண்டும் ஓய்வின்றி இருந்த போர்வீரர்கள் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டினர். கடிகாரம் கைக்கு வந்ததும் தானியங்கும் முறைக்கு வழி பிறந்தது. இங்கிலாந்து நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் சான் ஆர்வுட் என்பார் 1924-ஆம் ஆண்டில் தானியங்கிக் கைக்கடிகாரத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அவருடைய பொறியில் எடைத்தகடு முழுவட்டம் சுழலாது. இருபுறமும் வில்லில் மோதித் திரும்பும். முழுவட்டமும் சுழலும் தகட்டை ரோலெக்சு நிறுவனம் 1931-ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. இன்று வரும் தானியங்கிக் கடிகாரங்களில் பெரும்பாலானவை இம்முறையின் வழிவந்தனவே.

இனி வடிவத்தைப் பற்றிச் சிந்திப்போம். கடிகாரத்தின் முட்கள் வட்டமாகச் சுற்றுகின்றன. ஆதலின் முகமும் வட்டமாக இருத்தலே இயல்பு. இயல்பினின்று விலகும் எந்தப் பொருளுக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணங்களைத் தேவை, புதுமை, பெருமை, நினைவு என நான்காக வகுக்கலாம்.

முதலாவது தேவை. ஆர்வுட் செய்த கடிகாரத்தில் சாவி கொடுக்கும் திருகே இல்லை. திருகு நுழையும் துளை வழியாகவே தூசியும் ஈரமும் உட்புகுந்து பொறியைக் கெடுக்கின்றன என்பதை அவர் கண்டிருந்தார். ஆதலின் துளையையே நீக்கி, கண்ணாடியைச் சூழ்ந்த விளிம்பைத் திருப்பி முட்களைச் சரிசெய்யுமாறு அமைத்தார். நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் கண்பார்வையற்றோர்க்கெனச் செய்த கைக்கடிகாரமும் இவ்வகையினதே. அதன் கண்ணாடி மூடிபோல் திறக்கும். விரலால் முட்களையும் புள்ளிகளையும் தடவிப் பொழுதை அறியலாம். இவற்றின் புதுவடிவம் கண்ணைக் கவர்வதற்காக எழுந்ததன்று; ஒரு குறையைத் தீர்ப்பதற்காக எழுந்தது.

இரண்டாவது புதுமை. அமெரிக்க நாட்டு ஆமில்டன் நிறுவனம் 1957-ஆம் ஆண்டில் வென்ச்சுரா என்னும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அது மின்கலத்தால் ஓடியது. மின்னால் ஓடும் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது அதுவே முதன்முறை. அப்புதுமையைப் பார்த்தவுடன் உணர்த்த வேண்டும் என்று கருதி, ரிச்சர்டு ஆர்பிபு என்னும் வடிவமைப்பாளர் அதற்கு ஒருபுறம் கூர்த்த முக்கோணம் போன்ற, கேடயத்தை ஒத்த வடிவைத் தந்தார். வருங்காலம் இவ்வாறு இருக்கும் என்று அக்கால மக்கள் கண்ட கனவு அவ்வடிவில் உறைந்து கிடக்கின்றது. பல ஆண்டுகள் கழித்து, அந்நிறுவனம் அதே வடிவினுள் தானியங்கிப் பொறியை வைத்தும் விற்றது. மின்சாரத்தின் புதுமையைப் பறைசாற்றப் பிறந்த உறை, மின்சாரம் இல்லாப் பழம்பொறிக்கு வீடாயிற்று. வடிவம் தன் காரணத்தை இழந்த பின்னும் வாழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மூன்றாவது பெருமை. இதற்கு எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. பெங்களூரில் 1953-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு நிறுவனமாகிய எச்.எம்.டி., சப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ஆம் ஆண்டில் கைக்கடிகாரத் தொழிலைத் தொடங்கியது. முதற்கடிகாரங்களை அந்நாளைய பிரதமர் நேரு வெளியிட்டார். மக்கள் கடிகாரம் என்னும் பொருளுடைய ஜனதா அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற படைப்பு. வட்டமுகமும் 17 கல்லும் உடையது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டுவது. அதே நிறுவனம் காஞ்சன் என்னும் பெயரில் ஒரு தானியங்கிக் கடிகாரத்தையும் செய்தது. காஞ்சனம் என்பது பொன்னைக் குறிக்கும் வடசொல். பெயருக்கேற்பப் பொன்முலாம் பூசி, வட்டத்தை விடுத்துக் கோணம்பட வெட்டிய பெரிய உறையோடு, கிழமையும் தேதியும் காட்டும் வண்ணம் அது அமைந்தது. மணமகனுக்கு அளிக்கும் பொருளாக அதனை மக்கள் பெரிதும் தேடினர்.

இவ்விடத்தில் ஒன்றை நினைத்தல் வேண்டும். கொடுப்பவர் மனமுவந்து கொடுத்த காஞ்சனும் உண்டு. பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டுக் கொடுத்த காஞ்சனும் உண்டு. மணமகன் கையில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தையே காட்டியிருக்கும். பெருமைக்காகப் பொருள் தேடும்பொழுது, அதன் விலையைச் செலுத்துகின்றவர் யாவர் என்பதைப் பொருளின் முகம் காட்டுவதில்லை.

நான்காவதாகிய நினைவைப் பற்றிக் கூறுமுன், இடையில் நிகழ்ந்த பெரும் மாற்றம் ஒன்றை அறிதல் வேண்டும். 1969-ஆம் ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள், சப்பான் நாட்டுச் சீக்கோ நிறுவனம் குவார்ட்சு கைக்கடிகாரத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. குவார்ட்சு என்பது ஒருவகைப் பளிங்குக் கல். அதன் சிறு துண்டில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது மாறாத வேகத்தில் அதிரும். பின்னாளில் பரவிய குவார்ட்சு கடிகாரங்களில் அக்கல் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், ஒன்று கிடைக்கும். மின்சுற்று அவ்வாறே பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பைப் பெற்று முள்ளை நகர்த்துகின்றது. நல்ல எந்திரக் கடிகாரமும் நாளொன்றுக்குச் சில நொடிகள் பிழைபடும். எளிய குவார்ட்சு கடிகாரமோ திங்கள் ஒன்றுக்கே ஏறத்தாழ 15 நொடிதான் பிழைபடும். விலையும் குறைவு.

இதன் விளைவு கடுமையாயிற்று. சுவிட்சர்லாந்தில் 1970-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 90,000 பேர் கடிகாரத் தொழிலில் இருந்தனர்; 1980-களின் நடுவில் அத்தொகை ஏறத்தாழ 30,000 ஆகச் சுருங்கியது. நம் நாட்டிலும் மாற்றம் வந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984-ஆம் ஆண்டில் டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அந்நாளில் தருமபுரி மாவட்டத்திலும் இன்று கிருட்டிணகிரி மாவட்டத்திலும் அடங்கிய ஓசூரில் அதன் ஆலை எழுந்தது. பள்ளிப்படிப்பை முடித்த சிற்றூர் இளைஞரும் நங்கையரும் அங்கே பயிற்சி பெற்று நுண்தொழில் வல்லுநர் ஆயினர். 2002-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட எட்சு என்னும் குவார்ட்சு கைக்கடிகாரத்தின் கனம் 3.5 மில்லிமீட்டரே. பெங்களூர், தும்கூர், ராணிபாக் முதலிய இடங்களில் ஆலைகளைக் கொண்டிருந்த எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிலோ தொடர்ந்து நட்டமடைந்தது. அக்கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு நடுவண் அரசு 2016-ஆம் ஆண்டில் இசைவளித்தது. ஒரு நாட்டிற்கே பொழுது காட்டிய ஆலைக்கும் ஒரு பொழுது வந்தது.

இவ்வாறு ஒதுக்கப்பட்ட எந்திரக் கடிகாரம் இன்று மீண்டும் விரும்பப்படுகின்றது. இதற்குக் காரணமே நாம் நான்காவதாக வைத்த நினைவு. தந்தை அணிந்த கடிகாரத்தைப் போன்றதொன்றை மகன் தேடுகின்றான்; அவன் தேடுவதை அறிந்து நிறுவனங்கள் பழைய கோணவடிவங்களையும், பழைய எழுத்துகளையும், பழைய நிறங்களையும் புதிய கடிகாரங்களில் அமைக்கின்றன. கைப்பேசியே நேரம் காட்டும் இந்நாளில், நேரமறிதற்பொருட்டு மட்டும் ஒருவர் இதனை வாங்குவதில்லை.

அவ்வாறாயின் இஃது வீண் ஆரவாரமோ? இருபுறமும் நோக்குவோம். நாளொன்றுக்கு 86,400 நொடிகள். ஓர் எந்திரக் கடிகாரம் நாளைக்குப் பத்து நொடி பிழைபட்டால், அப்பிழை 8,640-இல் ஒரு பங்கேயாகும். மின்சாரம் ஒரு சிறிதும் இன்றி, ஒரு சுருள்வில்லும் சில சக்கரங்களும் இத்துணைத் திருத்தமாக ஓடுவது மனித அறிவின் ஒரு வெற்றி என்பதில் ஐயமில்லை. மேலும், குவார்ட்சின் மின்சுற்றுக் கெட்டால் பெரும்பாலும் பொறியையே மாற்ற வேண்டும். எந்திரக் கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவர், கண்ணில் உருப்பெருக்கிக் குழலை இடுக்கிக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றித் துடைத்து எண்ணெயிட்டு, மீண்டும் ஓடச் செய்வார். இவ்வாறு பேணப்பெற்ற கடிகாரம் இரண்டு தலைமுறைக்கும் உழைக்கும்.

மறுபுறமும் உண்டு. விருப்பம் பெருகிய இடத்தில் போலியும் பெருகும். பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து, முகத்தட்டிற்குப் புதுவண்ணம் தீட்டி, பழைய எச்.எம்.டி. என்று விற்போர் உளர். எழுத்துகள் கோணலாக இருத்தல், முகத்தட்டு மட்டும் புத்தம்புதிதாகப் பளபளத்தல், முட்கள் அளவில் பொருந்தாதிருத்தல் ஆகியன அத்தகைய ஒட்டுவேலையின் அடையாளங்கள். பின்மூடியைத் திறந்து பொறியைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதிருத்தலே நன்று. வடிவத்தில் மயங்கி உள்ளிருப்பதைக் காணாது விடுபவன் ஏமாற்றம் அடைவான்.

உங்கள் இல்லத்தில் பழைய தானியங்கிக் கடிகாரம் ஒன்று பெட்டியில் கிடக்கலாம். அதனை எடுத்தால் பின்வருவனவற்றை மனத்திற்கொள்ளுங்கள். நெடுங்காலம் ஓடாதிருந்த பொறியில் எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருக்கும். அந்நிலையில் அதனைக் குலுக்கி ஓட்டாமல், முதலில் தேர்ந்த தொழிலாளரிடம் காட்டுதல் வேண்டும். காந்தம் பொருந்திய ஒலிபெருக்கி முதலியவற்றின் அருகே அதனை வைத்தல் கூடாது. காந்தம் ஏறிய கடிகாரம் மிக விரைந்து ஓடும். இரவு 9 மணி முதல் பின்னிரவு 3 மணி வரை தேதியைக் கையால் மாற்றுதல் ஆகாது. அவ்வேளையில் தேதிச் சக்கரம் தானே நகரத் தொடங்கியிருக்கும். வலிந்து திருப்பினால் அதன் பற்கள் முறியும். பழைய உறையில் நீர் எளிதில் புகும் ஆதலின் நீராடும்பொழுது கழற்றிவிடுதல் நலம்.

மாணவர்களே! ஒரு பொருளைக் காணும்பொழுது அதன் வடிவம் எதன்பொருட்டு எழுந்தது என்று வினவும் பழக்கத்தை மேற்கொள்ளுங்கள். தேவையால் எழுந்த வடிவைப் போற்றுங்கள். புதுமையால் எழுந்ததைச் சுவையுங்கள். பெருமையால் எழுந்ததை எடைபோடுங்கள். நினைவால் எழுந்ததை அந்நினைவு உங்களுடையதா, விற்பவர் உங்கட்கு ஊட்டியதா என ஆராயுங்கள். இவ்வாராய்ச்சி கைக்கடிகாரத்திற்கு மட்டும் உரியதன்று. நீங்கள் அணியும் ஆடைக்கும், ஏறும் ஊர்திக்கும், கட்டும் வீட்டிற்கும் உரியது. நூம்பலிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் விடியுமுன் எழுந்து முறைவேலைக்கு விரைகின்ற தொழிலாளியின் கையில் இருப்பது விலை குறைந்த குவார்ட்சாயினும் ஆகுக, தந்தை விட்டுச்சென்ற காஞ்சனாயினும் ஆகுக; குறித்த பொழுதில் வாயிலை அடைபவனே அக்கருவியின் பயனை முழுதும் பெற்றவன் ஆவான்.